செவ்வாய்க்கிழமை வேண்டாம்

கப்பலில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், அறையைப் பார்ப்பார்கள், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். நான் கிழமையைப் பார்த்தேன். மத்தியதரைக் கடலை ஏழு இரவில் சுற்றிவரும் பெரிய கப்பல்கள் நம் ஊர் ரூட் பஸ் மாதிரி. வாராவாரம் அதே வழி, அதே துறைமுகம், அதே கிழமை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போன கப்பல் நேப்பிள்ஸுக்கு வருவது செவ்வாய்க்கிழமை. நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறையும் செவ்வாய்க்கிழமை.

“ஒரு மியூசியத்தின் லீவு நாளுக்காகக் கப்பலை மாற்றுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார் என் கணவர். புதன்கிழமை வரும் கப்பல் கொஞ்சம் பழையது, விலையும் கொஞ்சம் கூடுதல். வாக்குவாதம் முற்றியபோது என்னைக் காப்பாற்றியவர் என் மாமியார். “செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள். செவ்வாய் வேண்டாம், புதனே இருக்கட்டும்” என்று முடித்துவிட்டார். அவருக்கு மியூசியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருவாரூர்க்காரர், வயது 72. வலது முழங்கால் மட்டும் அவர் சொன்னபடி கேட்காது.

எனக்கு அங்கே பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பொருள். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான உயரம், சுமார் 25 சென்டிமீட்டர். தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண். இந்தியாவில் செய்தது. 1938-இல் அமெதேயோ மையூரி என்ற தொல்லியலாளர் பொம்பெயியில் ஒரு வீட்டைத் தோண்டும்போது கிடைத்தது. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்து அந்த ஊர் மண்ணுக்குள் போனபோது அவளும் போனாள். அப்படியானால் அதற்கு முன்பே யாரோ ஒருவர் அவளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார். ‘பொம்பெயி லட்சுமி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் அவளுடைய மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்ததிலிருந்து நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு.

ஆகவே திட்டம் இரண்டே வரி. காலையில் அவள் புதைந்து கிடந்த வீடு. மாலையில் அவள்.

இரண்டு வரித் திட்டத்துக்கு ஏன் இரண்டு மாதம் உட்கார்ந்தேன் என்று கேட்டால், அதற்கு எங்கள் முதல் கப்பல் பயணத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நானும் அவரும் மட்டும். லிவோர்னோ துறைமுகத்தில் காலையில் இறங்கினோம். பீசா பக்கத்தில் இருக்கிறது, இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இராது. ஃப்ளோரன்ஸ் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம் என்று சாய்ந்த கோபுரத்தின் முன்னால் நின்று கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஃப்ளோரன்ஸ் போனோம். மாலை நாலரை மணிக்குத் திரும்பக் கிளம்பினால் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று குறுக்கே நிற்கிறது. ஓட்டுநர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். எங்கள் வாழ்க்கையிலேயே நீளமான ஐம்பது நிமிடங்கள் அவை. கப்பலின் ஏணியைத் தூக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது துறைமுகத் தளத்தில் ஓடினோம். அவர் முன்னால், நான் ஒரு கையில் செருப்போடு பின்னால். மேல் தளத்தில் வரிசையாக நின்று பீர் குடித்துக்கொண்டிருந்த கூட்டம் எங்களைப் பார்த்துக் கைதட்டியது. ஓடி வருகிறவர்களைப் பார்ப்பது கப்பல் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கைதட்டலை அவர் இன்னும் மறக்கவில்லை. நானும்தான்.

கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால் இந்தப் பயம் கிடையாது. பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக வண்டி வைத்துக்கொண்டு போனால் காத்திராது. ஆறாயிரம் பேர் கப்பலில் இருக்கும்போது ஆறு பேருக்காக யார் நிற்பார்கள்? விட்டுவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். தனிப் பயணத்தின் உண்மையான விலை அதுதான். வண்டி வாடகை அதற்கு அப்புறம்.

ஆனால் எங்கள் கூட்டத்தைப் பாருங்கள். மாமியார், கொழுந்தன், அவர் மனைவி, நாங்கள் இருவர், பதின்மூன்று வயது மகள். ஐம்பது பேர் பஸ்ஸில் அத்தையை ஏற்றினால், கொடி பிடித்து முன்னால் ஓடும் வழிகாட்டியின் வேகத்துக்கு அவர் நடக்க முடியாது. கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லவும் கூச்சப்படுவார். தலைக்கு இவ்வளவு என்று கப்பலில் கேட்ட தொகையை ஆறால் பெருக்கிப் பார்த்தபோது, ஒரு வேனும் ஒரு வழிகாட்டியும் அதற்குள் அடங்கிவிட்டன. நீங்கள் இரண்டு பேர், கால் திடமாக இருக்கிறது என்றால் எதற்கும் வேன் வேண்டாம். நேப்பிள்ஸிலிருந்து சிர்கும்வெசூவியானா என்ற உள்ளூர் ரயில் பொம்பெயி வாசலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும், முக்கால் மணி நேரத்துக்குள். உட்கார இடம் கிடைக்காது, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் அம்பத்தூர் மின்சார ரயிலில் நின்றவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

திட்டம் போடுவதை நான் பின்னாலிருந்து தொடங்கினேன். கப்பல் காலை ஏழு மணிக்கு வருகிறது, மாலை ஆறரைக்குக் கிளம்புகிறது என்று அட்டவணையில் இருந்தது. பதினொன்றரை மணி நேரம் என்று மனம் குதிக்கும். ஆறரை என்பது கப்பலுக்கான நேரம். நமக்குரியது ஆறு, கடைசியாக ஏற வேண்டிய நேரம். என் பயத்துக்காக ஒரு மணி நேரத்தைக் கழித்தால் ஐந்து. அந்தப் பக்கம் ஏழு மணிக்குக் கப்பல் கட்டப்பட்டாலும் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, சுற்றுலாக் கூட்டம் இறங்கி, லிஃப்ட்டில் நமக்கு இடம் கிடைத்து, வெளியே வர எட்டு. ஆகவே கையில் இருப்பது ஒன்பது மணி நேரம். அதில் சாப்பாடு ஒன்று, போகவர ஒன்றரை. அத்தை உட்கார்ந்து எழுந்திருப்பதற்கு ஒன்று. மிச்சம் ஐந்தரை மணி நேரம்.

அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் கொழுந்தன் பொம்பெயி, சொரெண்டோ, பொசிட்டானோ, அமால்ஃபி நான்கையும் அடைக்கப் பார்த்தார். வண்டிக்காரர்களின் விளம்பரங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரே நாளில் நான்கும். அமால்ஃபி கடலோரச் சாலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மலையைச் செதுக்கி வைத்த குறுகிய சாலை, இரண்டு பஸ்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அங்கே ஒரு விபத்து நடந்தால் சுற்றிப்போவது சுலபமில்லை. லிவோர்னோ லாரியை நினைத்துக்கொண்டேன். “அமால்ஃபி இல்லை” என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஓரகத்திதான் சமாதானம் செய்தாள். அவளுக்கு வளைவுச் சாலையில் வாந்தி வருமாம், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொரு முடிவு, லிவோர்னோவில் செய்ததைத் தலைகீழாக்குவது. தூரத்தில் இருப்பது முதலில், கப்பலுக்குப் பக்கத்தில் இருப்பது கடைசியில். பொம்பெயி இருபத்தைந்து கிலோமீட்டர். அருங்காட்சியகம் துறைமுகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம். மாலையில் ஊர் முழுவதும் ஸ்தம்பித்தாலும் இரண்டு கிலோமீட்டரை நடந்துவிடலாம், அத்தைக்கு ஒரு டாக்ஸி பிடித்தால் போதும்.

வண்டி தேடும்போது இத்தாலியில் எல்லா விளம்பரத்திலும் ‘என்.சி.சி.’ என்று இருந்தது. எனக்குக் காக்கி உடையும் ஞாயிற்றுக்கிழமைப் பரேடும் பூரியும்தான் நினைவுக்கு வந்தன. அங்கே அது ஓட்டுநரோடு சேர்த்து வாடகைக்கு விடும் வண்டிக்கான உரிமத்தின் பெயர். அந்த உரிமம் இல்லாத வண்டியில் ஏறக் கூடாது. வழியில் போலீஸ் நிறுத்தினால் அவனுக்கு அபராதம், நமக்கு நேரம். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஓட்டுநர் வண்டிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கதை சொல்லலாம். தொல்லியல் தலத்துக்குள் வந்து விளக்கிச் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத்தான் அனுமதி. இது தெரியாமல் ஓட்டுநரே எல்லாம் காட்டுவார் என்று நம்பிப் போனவர்கள் வாசலில் இறக்கிவிடப்பட்டு விழிப்பார்கள்.

நான்கு பேருக்கு எழுதினேன், இரண்டு பேர் ஒழுங்காகப் பதில் போட்டார்கள். முதலாமவர் எல்லாவற்றுக்கும் ‘கவலை வேண்டாம்’ என்று எழுதினார். கவலைப்பட வேண்டாம் என்கிறவர்களிடம்தான் எனக்குக் கவலை வரும். இரண்டாமவரிடம், கடல் கொந்தளித்துக் கப்பல் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால் முன்பணம் என்ன ஆகும் என்று கேட்டேன். முழுதும் திரும்பும் என்று எழுத்தில் கொடுத்தார். சுங்கமும் பார்க்கிங்கும் வாடகையில் சேர்த்தியா என்றேன். சேர்த்தி. அத்தையின் முழங்காலைச் சொன்னேன். அதற்கு அவர் எழுதிய பதில்தான் அவரை முடிவு செய்ய வைத்தது. பொம்பெயிக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. எல்லோரும் போர்ட்டா மரீனா வழியாக ஏறுவார்கள். நீங்கள் கிழக்கே அம்ஃபிதியேட்டர் சதுக்க வாசலில் இறங்குங்கள். அங்கிருந்துதான் சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று சீர்செய்த பாதை தொடங்குகிறது. ஊரைக் குறுக்கே நடந்து மேற்கே வெளியே வாருங்கள், நான் வண்டியோடு அந்தப் பக்கம் நிற்பேன் என்றார்.

ஒரு வாசலில் இறங்கி இன்னொரு வாசலில் ஏறுவது. தனி வண்டி வைப்பதன் பலன் எனக்கு அந்த ஒரு வரியில் தெரிந்தது. மேலும் அந்த வழி முழுக்க வியா தெல்லபொண்டான்ஸா என்ற பெரிய தெரு. என் தந்தப் பெண் கிடைத்த வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது.

டிக்கெட் வாங்கும்போது ஒரு கூத்து. 2024 நவம்பரிலிருந்து பொம்பெயிக்கு ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும், அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். அத்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியலை மட்டும் போட்டால் ஒரெழுத்தை அந்த இணையதளம் ஏற்கவில்லை. கடைசியில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டேன். அத்தை இத்தாலியில் ‘ராஜம் ராஜம்’ ஆனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வெயில் காலை எட்டு மணிக்கே உறைத்தது. நேப்பிள்ஸில் கப்பல் ஊரின் மடியிலேயே வந்து நிற்கிறது. இறங்கிச் சாலையைக் கடந்தால் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டை. முனையத்துக்கு வெளியே பெயரட்டை பிடித்த ஓட்டுநர்கள் இருபது முப்பது பேர், மீனம்பாக்கம் வருகை வாசல் தோற்றது. அத்தை ‘இவர்களெல்லாம் யாரைத் தேடுகிறார்கள்’ என்றார். ‘நம்மைத்தான்’ என்றாள் மகள். அவளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருந்தேன். கப்பல் லிஃப்ட் பக்கத்தில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்து, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றில் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசி கரையில் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த ஊர் நேரத்தைக் காட்டும். எங்கள் வழியில் எல்லா ஊரும் ஒரே நேரம்தான். ஆனால் கிரீஸும் இத்தாலியும் கலந்து போகிற கப்பலில் ஒரு மணி நேர வேறுபாடு வரும், கப்பல் எந்த நேரத்தை வைத்துக்கொள்கிறதோ அதுதான் கணக்கு. பழக்கம் இருக்கட்டும் என்று செய்தேன். அன்று முழுவதும் அவள் கால் மணிக்கு ஒருமுறை நேரம் அறிவித்துக்கொண்டே வந்தாள். கொழுந்தன் மூன்றாவது அறிவிப்பிலேயே காதைப் பொத்திக்கொண்டார்.

பொம்பெயியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 1748-இல் தோண்ட ஆரம்பித்தார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கிறது. சாம்பலில் இறந்தவர்களின் உடல் மக்கி ஏற்பட்ட வெற்றிடத்தில் 1863 முதல் சாந்து ஊற்றி வார்த்த உருவங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அதைத் தாண்டி வந்துவிட்டேன். அத்தையோடு மெதுவாக நடந்ததால் நான் பார்த்தவை வேறு.

தெருவின் கருங்கல் பாளத்தில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி விழுந்த தடம், ஐந்து விரல் கொள்ளும் ஆழம். தெருவைக் கடக்கக் குறுக்கே மூன்று பெரிய கற்கள், மழைத்தண்ணீரும் சாக்கடையும் கீழே ஓட, மேலே கால் வைத்துப் போக. நடுவில் சக்கரம் போக இடைவெளி. அத்தை ஒரு கல்லில் கால் வைத்து அடுத்ததை எட்டும்போதுதான் செருப்பு வார் அறுந்தது. அந்த ஒரு கணம் எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. அந்தக் கல்லில் விழுந்தால் பயணமே முடிந்தது. அவர் அசையாமல் நின்று, வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் பெரியதாக ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். வாரைத் துளையில் செருகி அடிப்பக்கம் ஊக்கைக் குறுக்கே கொடுத்து மாட்டினேன். கப்பல் ஏறும் வரை அது தாங்கியது. எங்கள் உரிமம் பெற்ற வழிகாட்டி அம்மாள் அந்த வளையலையும் அதில் தொங்கிய நான்கு ஊக்குகளையும் கண் கொட்டாமல் பார்த்தார். அவர் அதுவரை சொன்ன எதையும் நாங்கள் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டிருக்கவில்லை.

ஒரு ரொட்டிக் கடைக்குள் எரிமலைக் கல்லில் செய்த ஆளுயர மாவு எந்திரங்கள் நின்றன. கீழே கூம்பு, மேலே உடுக்கை மாதிரி இடை சிறுத்த கல். கழுதையைக் கட்டிச் சுற்றவிடுவார்களாம். “திரிகை” என்றார் அத்தை, விளக்கம் முடியும் முன்பே. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் மேடையில் பெரிய ஜாடிகளைக் கழுத்துவரை புதைத்துக் கட்டியிருந்தார்கள். தெருவில் நின்றபடியே வாங்கிச் சாப்பிட. கும்பகோணத்துக் காப்பிக் கடை வாசலில் இப்படித்தானே நிற்பார்கள் என்று தோன்றியது, சொல்லவில்லை. இந்த இரண்டு ஊரையும் ஒப்பிடும் வியாதி எனக்கு ஏற்கெனவே அதிகம்.

‘இந்தியச் சிற்பத்தின் வீடு’ என்று இப்போது அந்த வீட்டுக்குப் பெயர். மற்ற வீடுகளைப் போல அதுவும் ஒரு வாசல், ஒரு சுவர். வழிகாட்டிக்கே அங்கே யாரும் நிற்கச் சொல்லிப் பழக்கமில்லை. நான் அந்தச் சுவரோரம் நின்று அத்தைக்கு இன்னொருவரைப் பற்றிச் சொன்னேன். மூத்த பிளினி. மிசேனத்தில் ரோமானியக் கடற்படைக்குத் தலைவர். இயற்கை வரலாறு எழுதியவர். அந்த நூலில் இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பியிருக்கிறார். மிளகைக் கண்டால் அவருக்கு ஆகாது. காரம் என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது, அதற்காக இந்தியா வரை போக வேண்டுமா என்று கேட்கிறார். கறுப்பு மிளகு ஒரு பவுண்டு 4 தினாரியஸ் என்று விலையையும் எழுதி வைத்தார். அதே வியாபாரத்தை இந்தப் பக்கமிருந்து பார்த்த புலவர் அகநானூற்றில், யவனரின் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்று பெருமையாகப் பாடிவிட்டுப் போனார். வெசூவியஸ் வெடித்த அன்று, கரையில் சிக்கியவர்களை மீட்கக் கப்பலோடு கிளம்பிய பிளினி, பொம்பெயிக்குத் தெற்கே ஸ்டாபியேயில் இறந்துபோனார்.

“மிளகைத் திட்டினவரா?” என்றார் அத்தை. ஆமாம் என்றேன். “பாவம், ஆனாலும் நல்ல மனுஷன். ஆபத்தில் ஓடாமல் போயிருக்கிறான்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

ஊருக்குள் நிழல் கிடையாது, இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய்கள் அங்கங்கே இருக்கின்றன, பாட்டில் கொண்டுபோனால் போதும். பெரிய பை கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள்.

மதியம் நேப்பிள்ஸில் பீட்சா. பூண்டு, தக்காளி, ஒரெகானோ, ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்ட ‘மரினாரா’ என்பதை மீன் என்று நினைத்து அத்தை ஒதுக்கினார். பெயரில்தான் கடல், உள்ளே மீனும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை. சைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். ஒரு முழு பீட்சாவைத் தனியாளாகச் சாப்பிட்டுவிட்டு, அடை மாதிரி இருக்கிறது, ஆனால் ஓரம் கருகிவிட்டது என்றார்.

இப்போது எனக்கிருந்த தர்மசங்கடத்தைச் சொல்ல வேண்டும். நான் தேடிப்போன தந்தப் பெண் இருப்பது அருங்காட்சியகத்தின் ‘ரகசிய அறை’யில். பொம்பெயியிலும் சுற்றுப்பக்க ஊர்களிலும் கிடைத்த காமச் சிற்பங்கள், ஓவியங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பூட்டி வைத்த அறை அது. 1819-இல் மனைவி, மகளோடு வந்த இளவரசர் ஒருவர் பார்த்து அதிர்ந்துபோய்ப் பூட்டச் சொன்னாராம். வயது முதிர்ந்த, நல்லொழுக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று விதி. பொதுமக்களுக்கு என்று முறையாகத் திறந்தது 2000-இல். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு போகலாம். விதி அனுமதிக்கிறது. ஆனால் மாமியார் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நான் நல்லொழுக்கம் உள்ளவளா என்பது வேறு விஷயம்.

கணவர் சட்டென்று ஹெர்குலிஸ் சிலையைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவினார். கொழுந்தன் அண்ணனோடு போனார். மகளிடம் முன்னாலேயே பேசிவிட்டேன். அவள் ‘அம்மா, பள்ளியில் இதெல்லாம் பாடம்’ என்று அலுத்துக்கொண்டாள். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, “உள்ளே கொஞ்சம் ஒரு மாதிரியான சிலைகள் இருக்கும் அத்தை” என்றேன்.

அவர் உள்ளே போனார். முதல் பெட்டியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். ஆட்டோடு கூடியிருக்கும் பான் தேவனின் முன்னால் நின்று முகவாயில் கை வைத்தார். நான் வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

“எங்கள் பக்கத்துத் தேரில் இல்லாததா” என்றார். “சின்ன வயதில் தேரடியில்தான் பாண்டி ஆடுவோம். மரத்தில் இதைவிட நன்றாகச் செய்திருப்பான்.”

அப்புறம்தான் அவளைக் கண்டோம். கண்ணாடிக்குள் நின்றாள். படத்தில் பார்த்ததைவிடச் சிறியவள். தந்தம் பழுப்பேறி, காய்ந்த சந்தனக் கட்டை நிறம். இடுப்பில் மேகலை, அதைத் தவிர ஆடை என்று ஒன்றுமில்லை. நகைகளுக்கோ குறைவில்லை. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தண்டை அடுக்கு, கை நிறைய வளையல். வலது கையை முதுகுப் பக்கம் திருப்பி எதையோ தொடுகிறாள், ஒரு காலை மற்றதன் மேல் குறுக்கே போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு சிறு பெண்கள், கையில் ஒப்பனைப் பொருட்களோடு. உச்சந்தலையில் ஒரு துளை. கண்ணாடியின் கைப்பிடியாகவோ சின்ன மேசையின் காலாகவோ இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

அத்தை கை கூப்பவில்லை. கூப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் ஒரு பக்கமாக நகர்ந்து, முதுகுப் பக்கத்தைப் பார்க்க எக்கினார். ஊக்கு குத்திய செருப்போடு நுனிக்காலில் நின்றார். முழங்கால் நினைவே இல்லை.

“இது லட்சுமி இல்லை” என்றார் கடைசியில். “தாமரை எங்கே? இவள் யாரோ சீமாட்டி. அலங்காரம் நடக்கிறது. இந்தப் பிள்ளைகள் மைச்சிமிழ் எடுத்துக் கொடுக்கிறார்கள்.”

ஆராய்ச்சியாளர்களும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறார்கள். லட்சுமியாக இருக்க வேண்டியதில்லை, யட்சியாக இருக்கலாம். இதே சாயலில் சிற்பங்கள் மகாராஷ்டிரத்தில் போகர்தன், தேர் என்ற ஊர்களில் கிடைத்திருக்கின்றன. அடியில் கரோஷ்டி எழுத்து ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது, அது வடமேற்கின் எழுத்து. ஆக, அவள் நம் தெற்கத்திப் பெண் இல்லை. முசிறியிலிருந்து கப்பலேறினாளா, குஜராத்தின் பரிகாசாவிலிருந்து ஏறினாளா என்று கதை கட்ட எனக்கு ஆசைதான். அடக்கிக்கொண்டேன். எங்கே ஏறினாலும் எகிப்து வழியாகத்தான் வந்திருப்பாள். அலெக்சாந்திரியாவிலிருந்து வரும் கப்பல்கள் நேப்பிள்ஸுக்கு மேற்கே பொசுவோலியில் வந்து நிற்கும். அப்போது அதன் பெயர் புட்டெயோலி. காலையில் ஓட்டுநர் கையை நீட்டிக் காட்டிய திசை.

நாற்பது நிமிடம் அந்த ஒரு பெட்டியின் முன்னால் நின்றோம். கூட்டம் வந்து வந்து போனது. பெரும்பாலானவர்கள் பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மகள் ‘நாலு பத்து’ என்றாள். ‘நாலே கால்’ என்றாள்.

துறைமுகத்துக்கு வந்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். ஓட்டுநருக்கு மீதிப் பணத்தைக் கொடுத்து, அத்தை தன் பங்குக்குக் கப்பல் சாப்பாட்டு மேசையிலிருந்து சேர்த்து வைத்திருந்த சாக்லேட்டுகளையும் கொடுத்தார். “இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் மிச்சம்” என்று கணவர் கொழுந்தனைப் பார்த்துச் சொன்னார். கொழுந்தன் என்னைப் பார்த்தார். “சொரெண்டோ வரை போயிருக்கலாம்” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மேல் தளத்தில் தேநீரோடு நின்றோம். வெசூவியஸின் இரட்டை முகடு வெயிலில் நீலமாகத் தெரிந்தது. ஏணிப் பக்கம் மாலுமிகள் கைவானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி தாண்டிவிட்டது. கோட்டைப் பக்கமிருந்து ஒரு டாக்ஸி சீறிக்கொண்டு வந்து நின்றது. உள்ளிருந்து ஒரு ஆணும் பெண்ணும் குதித்தார்கள். அவர் கையில் எலுமிச்சைப் படம் போட்ட பெரிய பை, அவள் கையில் செருப்பு. தளத்தில் ஓட ஆரம்பித்தார்கள். எங்களைச் சுற்றி நின்றவர்கள் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார்கள், ஒருவன் விசில் அடித்தான்.

“யார் அவர்கள், ஏதாவது பந்தயமா?” என்றார் அத்தை.

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.